விதிகளைக் கைக்கொண்டால் இரட்சிப்பா, தேவனோடு உறவிருந்தால் போதுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சிறுவயதிலிருந்தே சபைக்குப் போகிறவர். ஜெபம், வேதவாசிப்பு, உபவாசம், காணிக்கை எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஆனால் இதில் ஏதாவது ஒன்று தவறிப்போனால் தேவன் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்ற பயம் பிடித்துக்கொள்கிறது. உங்கள் சிநேகிதரோ, "கிறிஸ்தவம் மதமே இல்லை, அது தேவனோடுள்ள உறவு, விதிமுறையெல்லாம் மனுஷன் போட்டது, அதைத் தூக்கிப்போடு" என்கிறார். இரட்சிப்பு என்று வரும்போது இரண்டில் எது சரி, இப்போது நான் என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள்.

நேராகவே சொல்கிறேன். உங்கள் பயத்துக்கு வேதத்தில் இடமில்லை. உங்கள் சிநேகிதர் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாவது பாதி ஆபத்தானது. விதியா உறவா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்திக் கேட்டால் விடை கிடைக்காது, எது முதலில் வருகிறது, எது அதிலிருந்து பிறக்கிறது என்று கேட்டால்தான் வேதம் பேசுவது புரியும். இன்னொன்றும் இருக்கிறது: "உறவு" என்ற அந்த நல்ல வார்த்தையையே இன்னொரு விதியாக மாற்றிவிட முடியும், நிறைய பேர் மாற்றியும் வைத்திருக்கிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

பத்துக் கற்பனைகளிலிருந்தே, அதாவது தேவன் கொடுத்த பத்துக் கட்டளைகளிலிருந்தே ஆரம்பிப்போம், ஏனென்றால் "விதி" என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது அதுதான். யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் கற்பனைகள் எப்படித் தொடங்குகின்றன என்று பாருங்கள். "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்" என்பது மூன்றாம் வசனம். அதற்கு முந்தின வசனத்தில், "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்று இருக்கிறது. அதாவது முதல் கட்டளை வருவதற்கு முன்பே மீட்பு முடிந்துவிட்டது. எகிப்தை விட்டுப் புறப்பட்ட பஸ்கா ராத்திரி 12-ஆம் அதிகாரம், செங்கடல் 14-ஆம் அதிகாரம், கற்பனைகள் 20-ஆம் அதிகாரம். பஸ்கா ராத்திரியில் இஸ்ரவேலர் கையில் பத்துக் கற்பனைகள் இல்லை. செங்கடலுக்கு முன்னால் நின்றபோது அவர்களுக்குச் சொல்லப்பட்டது, "கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்" என்பதுதான். எகிப்திலே அடிமையாய்க் கிடந்தவர்களிடம் தேவன் மோசேயை அனுப்பி, "இந்தப் பத்தையும் ஒரு வருஷம் ஒழுங்காகக் கைக்கொள்ளுங்கள், அப்புறம் விடுதலை பண்ணுகிறேன்" என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் ஒருவரும் வெளியே வந்திருக்கமாட்டார்கள். மீட்டெடுத்த ஜனத்துக்கு, இனி என்னோடு எப்படி வாழவேண்டும் என்று கொடுத்ததுதான் நியாயப்பிரமாணம்.

ஆபிரகாமிடம் இது இன்னும் தெளிவு. ஆதியாகமம் 15-ல் அவன் கர்த்தரை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. விருத்தசேதனம் என்ற கட்டளை வருவது 17-ஆம் அதிகாரத்தில். இரண்டுக்கும் நடுவில் இஸ்மவேல் பிறந்து 13 வயது ஆகிவிட்டான். பவுல் ரோமர் 4-ல் இந்த வருஷ வித்தியாசத்தைத்தான் பிடித்துக்கொண்டு கேட்கிறார்: ஆபிரகாம் நீதிமானாக எண்ணப்பட்டது விருத்தசேதனம் உள்ளவனாயிருந்தபோதா, இல்லாதவனாயிருந்தபோதா? இல்லாதவனாயிருந்தபோதே. கலாத்தியர் 3-லும் அதே வழியில்தான் போகிறார், வாக்குத்தத்தத்துக்கு 430 வருஷத்துக்குப் பிறகு வந்த நியாயப்பிரமாணம் அந்த வாக்குத்தத்தத்தை இல்லாமற்பண்ணாது என்கிறார். பவுல் புதிதாக ஒரு உபதேசத்தைக் கண்டுபிடிக்கவில்லை, பழைய ஏற்பாட்டை வரிசையாக வாசித்துக் காட்டினார், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு நியாயத்தையும் சொல்லியாகவேண்டும். பிரசங்கங்களில் யூதர்களை, "கிரியைகளைச் செய்து பரலோகத்தைச் சம்பாதிக்கப் பார்த்தவர்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அது சரியில்லை. 1977-ல் ஈ.பி. சாண்டர்ஸ் என்ற புதிய ஏற்பாட்டு ஆராய்ச்சியாளர் அந்தக் காலத்து யூத எழுத்துகளை எடுத்து வைத்து, உடன்படிக்கைக்குள் வருவது தேவனுடைய தெரிந்துகொள்ளுதலினாலே, கற்பனைகளைக் கைக்கொள்வது அந்த உடன்படிக்கைக்குள் நிலைத்திருப்பதற்கே என்று அவர்கள் நம்பினதாகக் காட்டினார். அவர் சொன்னதை எல்லா ஆராய்ச்சியாளரும் முழுதாக ஏற்கவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு யாரும் பழைய மாதிரி யோசனையில்லாமல் பேச முடியாமல் போனது. ஆகவே நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவைச் சேர்ந்த பரிசேயனை நாம் தூரத்தில் நின்று கைநீட்டிப் பேசவேண்டாம். அவனுடைய சோதனை, கிருபையை அறிந்திருந்தும் தன்னுடைய ஒழுங்கின்மேல் சாய்ந்துகொள்வது. அது சபையில் வளர்ந்த ஒவ்வொருவருக்கும் வருகிற சோதனை.

இயேசுவும் பரிசேயரை, அவர்கள் விதிகளைக் கைக்கொண்டதற்காகக் கண்டிக்கவில்லை. மத்தேயு 23:23-ஐ எடுத்துப் பாருங்கள். ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்துகிறீர்கள், நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்கள் என்கிறார். அதோடு நிறுத்தவில்லை, "இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டும்" என்று சேர்த்துச் சொல்கிறார். "விதியைத் தூக்கிப்போடு" என்கிறவர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தை வாசிப்பதே இல்லை. மாற்கு 7-ல் அவர் கோபப்பட்டது வேறொன்றுக்கு. பெற்றோருக்குக் கொடுக்கவேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால், அதன்பின் தகப்பனுக்கும் தாய்க்கும் ஒன்றும் செய்யவேண்டியதில்லை என்று ஒரு பாரம்பரியம் இருந்தது. தேவன் பேரைச் சொல்லி தேவனுடைய கற்பனையையே மீறுவதற்கு ஒரு விதி! இப்படிப்பட்ட விதியைத்தான் அவர் உடைத்தார்.

சரி, இரட்சிப்பு விஷயத்துக்கு வருவோம். இதற்கு லூக்கா 18, 19 அதிகாரங்களைப் போல எனக்கு வேறெதுவும் தெளிவாகத் தெரியவில்லை. இரண்டு பணக்காரரை லூக்கா அடுத்தடுத்து நிறுத்துகிறார். முதலாவது ஒரு தலைவன். "நித்தியஜீவனைச் சுதந்தரித்துக்கொள்வதற்கு நான் என்ன செய்யவேண்டும்" என்று கேட்கிறான். இயேசு கற்பனைகளைச் சொல்கிறார். "இவைகளையெல்லாம் என் சிறுவயதுமுதல் கைக்கொண்டிருக்கிறேன்" என்கிறான், அதைப் பொய் என்று இயேசு சொல்லவில்லை. உனக்கு உண்டானவைகளையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்து என்னைப் பின்பற்றி வா என்கிறார். அவன் மிகுந்த துக்கமடைகிறான். விதியில் தேறினவன், அழைத்தவரோடு போகவேண்டிய இடத்தில் தோற்றுப்போனான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள், அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்படக்கூடும் என்று கேட்க, "மனுஷரால் கூடாதவைகள் தேவனால் கூடியவைகளாயிருக்கிறது" என்று பதில் வருகிறது.

அடுத்த அதிகாரத்தின் ஆரம்பத்திலேயே சகேயு. எரிகோவில் ஆயக்காரருக்கு, அதாவது வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன், ஊரே வெறுக்கிற ஆள். காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் இயேசு ஒரு கற்பனையைக்கூடச் சொல்லவில்லை. இறங்கி வா, இன்றைக்கு நான் உன் வீட்டில் தங்கவேண்டும் என்கிறார். சகேயு மனந்திரும்பினான் என்பதற்கு ஒரு அடையாளமும் அதுவரை இல்லை, அதனால்தான் பாவியான மனுஷனிடத்தில் தங்கப்போனாரே என்று ஜனங்கள் முறுமுறுத்தார்கள். பிறகுதான் அவன் எழுந்து நின்று, என் ஆஸ்திகளில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், யாரிடத்திலாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்கிறான்.

அந்த "நாலத்தனை"யைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். ஒருவன் தான் செய்த அநியாயத்தைத் தானே அறிக்கையிட்டுத் திருப்பிக் கொடுத்தால் என்ன கொடுக்கவேண்டும் என்று எண்ணாகமம் 5:7-ல் இருக்கிறது, முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும். 100 காசு பறித்தவன் 120 காசு கொடுத்தால் நியாயப்பிரமாணத்தின் கணக்கு தீர்ந்தது. சகேயு 400 கொடுக்கிறேன் என்கிறான். நாலு மடங்கு என்பது ஆட்டைத் திருடி அடித்துவிட்டவனுக்கு யாத்திராகமம் 22:1 விதித்தது. தானாக முன்வந்து ஒத்துக்கொண்டவன் திருடனுக்குரிய தண்டனையைத் தன்மேல் தானே போட்டுக்கொள்கிறான், அதுவும் சந்தோஷமாக. எல்லாக் கற்பனையையும் கைக்கொண்டவனிடம் கேட்டும் வராதது, ஒன்றையும் கைக்கொள்ளாதவனிடமிருந்து கேட்காமலே வந்தது. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான், இயேசு அவன் வீட்டுக்குள் போனார். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று அவர் சொன்னதை வைத்து, சகேயு பணத்தைக் கொடுத்ததால்தான் இரட்சிப்பு வந்தது என்று சிலர் வாதாடுவார்கள். வரிசையைப் பார்த்தாலே போதும். இழந்துபோனதைத் தேடவும் இரட்சிக்கவுமே மனுஷகுமாரன் வந்தார் என்று அடுத்த வசனத்திலேயே காரணம் சொல்லியிருக்கிறது. தேடினவர் அவர்.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் எபேசியர் 2-ல் சிக்கலே இல்லை. கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது கிரியைகளினால் உண்டானதல்ல என்பது 8, 9 வசனங்கள். இதை மனப்பாடமாகச் சொல்கிற பலர் பத்தாம் வசனத்துக்குப் போவதில்லை. நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று அங்கே இருக்கிறது. கிரியை இரட்சிப்புக்கு வேராக இருக்க முடியாது, கனியாக இல்லாமலும் இருக்க முடியாது.

அப்படியானால் யாக்கோபு? "கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது" என்று அவர் எழுதினதைக் காட்டிப் பவுலுக்கும் யாக்கோபுக்கும் சண்டை மூட்டுகிறவர்கள் உண்டு. இருவருமே ஆபிரகாமைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள், ஆனால் அவன் வாழ்க்கையில் வெவ்வேறு நாட்களிலிருந்து. பவுல் காட்டுவது ஆதியாகமம் 15, அவன் விசுவாசித்த ராத்திரி. யாக்கோபு காட்டுவது ஆதியாகமம் 22, ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் வைத்த நாள். முதல் நாளில் எண்ணப்பட்ட நீதி மெய்யானது என்று பல வருஷம் கழித்து மலைமேல் வெளிப்பட்டது. பவுல் எதிர்த்தது கிரியையைக் காட்டித் தேவனிடம் உரிமை கேட்கிறவனை, யாக்கோபு எதிர்த்தது வஸ்திரமில்லாத சகோதரனைப் பார்த்து "சமாதானத்தோடே போங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு விசுவாசம் இருக்கிறது என்கிறவனை. பவுலே கலாத்தியர் 5:6-ல் "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்" என்று எழுதியிருக்கிறாரே, அதை யாக்கோபு எழுதினது என்று சொன்னால் பாதிப்பேர் நம்பிவிடுவார்கள்.

உங்கள் நிலைமையைப் படித்தபோது எனக்கு உடனே ஜான் வெஸ்லிதான் ஞாபகத்துக்கு வந்தார், அதனால் அவரைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மெதடிஸ்ட் சபைகளுக்கு மூலகாரணமான அந்த வெஸ்லி, வாலிபனாக ஆக்ஸ்போர்டில் இருந்தபோது விதிகளைக் கைக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் உபவாசம், வாராவாரம் திருவிருந்து, சிறைச்சாலைக்குப் போய்க் கைதிகளைச் சந்திப்பது, நேரத்தைக் கணக்கு வைத்துச் செலவிடுவது. அவரும் அவர் தம்பி சார்லசும் இருந்த அந்தச் சின்னக் கூட்டத்தை மற்ற மாணவர்கள் கேலி செய்தார்கள், "மெதடிஸ்ட்" என்ற பெயரே அந்தக் கேலியிலிருந்து வந்ததுதான். 1735-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு மிஷனெரியாகக் கப்பல் ஏறினார். நடுக்கடலில் புயல் அடித்தபோது தனக்குச் சாவுபயம் இருப்பதையும், அதே கப்பலில் இருந்த மொராவியர் என்ற ஜெர்மானிய புராட்டஸ்டன்ட் சபையின் விசுவாசிகள் அமைதியாகச் சங்கீதம் பாடிக்கொண்டிருப்பதையும் பார்த்தார். அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

1736-ல் கரை இறங்கினபின் ஸ்பாங்கன்பர்க் என்ற மொராவிய ஊழியரிடம் ஆலோசனை கேட்டார். அந்த மனிதர் திருப்பிக் கேட்டார்: இயேசு கிறிஸ்துவை உமக்குத் தெரியுமா? வெஸ்லி சற்றுத் தயங்கி, அவர் உலக இரட்சகர் என்று அறிவேன் என்றார். அது சரிதான், அவர் உம்மை இரட்சித்தார் என்று அறிவீரா? என்னை இரட்சிக்க மரித்தார் என்று நம்புகிறேன் என்று பதில் சொன்னார். உம்மையே நீர் அறிவீரா என்று கடைசியாக ஒரு கேள்வி. அறிவேன் என்றார் வெஸ்லி. பிறகு தன் நாட்குறிப்பில், அவை வெறும் வார்த்தைகளோ என்று அஞ்சுகிறேன் என்று எழுதிவைத்தார். இப்படிக் கேள்வி கேட்கிற ஒரு ஆள் ஒவ்வொரு சபைக்கும் வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

1738 மே 24-ஆம் தேதி லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்துக்கு மனமில்லாமல் போனார். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்கக் கேட்க, இரட்சிப்புக்காகக் கிறிஸ்துவை, அவர் ஒருவரையே தான் நம்புவதை உணர்ந்தார், தன்னுடைய பாவங்களையே அவர் நீக்கினார் என்ற நிச்சயம் கிடைத்தது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவார்கள், பார்த்தீர்களா, விதி தோற்றது, உறவு ஜெயித்தது என்று. ஆனால் அடுத்த ஐந்து வருஷத்தில் என்ன நடந்தது? 1743-ல் அதே வெஸ்லி தம்முடைய சங்கங்களுக்குப் பொது விதிகள் எழுதி அச்சிட்டார். தீமை செய்யாதே, நன்மை செய், ஜெபம், வேதவாசிப்பு, திருவிருந்து, உபவாசம் போன்ற தேவன் ஏற்படுத்தினவைகளைக் கைக்கொள் என்று மூன்று பகுதி. அந்தச் சங்கத்தில் சேர என்ன தகுதி என்று கேட்டால், வரப்போகும் கோபத்துக்குத் தப்பிப் பாவங்களிலிருந்து இரட்சிக்கப்படவேண்டும் என்ற ஆசை ஒன்றே. விதிகள் அப்படியேதான் இருந்தன, ஏறக்குறைய ஆக்ஸ்போர்டில் செய்த அதே காரியங்கள். அவை நின்ற இடம்தான் மாறினது. வயதான பிறகு தன் பழைய நாட்குறிப்பைத் திரும்பப் பார்த்து, அந்த நாட்களிலும் எனக்கு ஒரு வேலைக்காரனுடைய விசுவாசம் இருந்தது, ஒரு மகனுடைய விசுவாசம் இல்லை என்று குறிப்பு எழுதினார்.

உங்கள் பயத்துக்கு விடை அந்தக் குறிப்பில் இருக்கிறது. வேலைக்காரன் ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள், தொடர்ந்து வராவிட்டால் வேலை போய்விடும். அவனுக்குப் பயம் நியாயமானது. மகன் சொன்ன வேலையைச் செய்யாவிட்டால் தகப்பன் கண்டிப்பார், சில சமயம் கடுமையாகவே கண்டிப்பார், ஆனால் அவன் பெயர் அந்த வீட்டிலிருந்து எடுபடாது. எபிரெயர் 12 இதைத்தான் சொல்கிறது, தேவன் நம்மைச் சிட்சிப்பதே நம்மைப் புத்திரராக எண்ணி நடத்துவதற்கு அடையாளம். ரோமர் 8:15-ம் அதேதான், திரும்பவும் பயப்படுகிறதற்கு அடிமைத்தனத்தின் ஆவியை நீங்கள் பெறவில்லை, அப்பா பிதாவே என்று கூப்பிடப்பண்ணுகிற புத்திரசுவிகாரத்தின் ஆவியைப் பெற்றீர்கள். காலையில் ஜெபிக்காமல் போன நாளில் நடந்த கெட்டதையெல்லாம் அதோடு முடிச்சுப்போட்டுப் பார்க்கிறீர்களே, அது தேவன் உங்களுக்குள் வைத்தது இல்லை.

லூக்கா 15-ல் மூத்த குமாரன் வீட்டிலேயே இருந்துகொண்டு வேலைக்காரனாக வாழ்ந்தவன். "ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறாதிருந்தும்" நீர் எனக்கு ஒரு ஆட்டுக்குட்டியையாவது கொடுக்கவில்லை என்று தகப்பனிடம் கணக்கு கேட்கிறான். அவன் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் அத்தனை வருஷமும் கூலிக்குத்தான் வேலை செய்திருக்கிறான் என்பது தம்பி திரும்பி வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. உங்களுக்கும் ஒரு சோதனை சொல்கிறேன்: ஒழுங்காக இல்லாத இன்னொருவருக்குத் தேவன் நன்மை செய்யும்போது உங்களுக்குள் என்ன வருகிறது என்று கவனியுங்கள். சந்தோஷமா, அல்லது "இத்தனை வருஷம் உபவாசம் இருந்தேனே, எனக்கு ஏன் இல்லை" என்ற கசப்பா? தகப்பன் அவனையும் தள்ளிவிடவில்லை என்பதையும் சேர்த்து வாசியுங்கள். வெளியே வந்து அவனை வருந்தி அழைத்தார்.

இப்போது உங்கள் சிநேகிதர் பக்கம். அவர் சொல்கிற "உறவு" என்ன என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். பாடல்வேளையில் மனம் உருகுவது, தேவன் பேசினார் என்ற ஒரு உணர்வு, இவ்வளவுதான் என்றால் அது அஸ்திபாரம் ஆகாது. உணர்வு வற்றிப்போகிற நாட்கள் எல்லாருக்கும் வரும், சங்கீதக்காரனுக்கே வந்தது, 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. இரட்சிப்பு என் உறவின் சூட்டைப் பொறுத்தது என்று ஆகிவிட்டால், அது கற்பனைகளைவிடக் கொடுமையான நியாயப்பிரமாணம். பத்துக் கற்பனையாவது எதைச் செய்யவேண்டும் என்று தெளிவாகச் சொல்லும். "தேவனோடு நெருக்கமாக உணர்" என்ற விதிக்கு எல்லையே கிடையாது. இன்றைக்கு நெருக்கமாக உணரவில்லையே, அப்போது நான் இரட்சிக்கப்பட்டவன்தானா என்று தவிக்கிறவர்கள் ஏராளம், அவர்களில் பெரும்பாலோர் விதிகள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அந்த வலைக்குள் விழுந்தவர்கள். நம்முடைய இரட்சிப்பு நம் ஒழுங்கின்மேலும் நிற்கவில்லை, நம் நெருக்கத்தின்மேலும் நிற்கவில்லை. கிறிஸ்து சிலுவையில் செய்து முடித்ததின்மேல் நிற்கிறது. பக்கத்துச் சிலுவையில் தொங்கின கள்ளனுக்குக் காட்ட ஒரு நற்கிரியையும் இல்லை, வருஷக்கணக்கில் வளர்த்த உறவும் இல்லை. "அடியேனை நினைத்தருளும்" என்ற ஒரு வேண்டுதல் இருந்தது, "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற பதிலும் வந்தது.

உறவு மெய்யானதாக இருந்தால் கீழ்ப்படிதல் வந்தே தீரும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" என்று சொன்னவர் இயேசு. மத்தேயு 7-ல் நியாயத்தீர்ப்பு நாளில் வந்து நிற்கிறவர்களைப் பாருங்கள். உமது நாமத்தினாலே தீர்க்கதரிசனம் சொன்னோம், பிசாசுகளைத் துரத்தினோம், அற்புதங்களைச் செய்தோம் என்கிறார்கள். அவர் சொல்கிற பதில் ஒரே மூச்சில் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. "ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்பது, செய்ததையெல்லாம் பட்டியல் போடுகிறவர்களுக்கு. "அக்கிரமச் செய்கைக்காரரே" என்பது, கர்த்தாவே கர்த்தாவே என்று கூப்பிட்டால் போதும், வாழ்க்கை எப்படி இருந்தாலும் சரி என்கிறவர்களுக்கு. இரண்டையும் சொன்னது ஒரே வாய்.

விதி என்று நாம் சொல்கிற எல்லாம் ஒரே தரமும் இல்லை. விபசாரம் செய்யாதே, பொய்ச்சாட்சி சொல்லாதே, பிறனை நேசி என்பவை தேவனுடைய கற்பனைகள், அவைகளை "மனுஷன் போட்டது" என்று தள்ள ஒருவருக்கும் அதிகாரமில்லை. எந்த நாளில் உபவாசம், எத்தனை மணிக்கு ஜெபம், எந்த மாதிரி உடை, நகை போடலாமா என்பதெல்லாம் சபைகள் வெவ்வேறாக வைத்துக்கொண்ட ஒழுங்குகள். ஒழுங்கு நல்லது, அது உதவும். ஆனால் அதை மீறினால் இரட்சிப்பு போய்விடும் என்று யாராவது சொன்னால், "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்ற மனுஷ கற்பனைகளைப்பற்றிக் கொலோசெயர் 2-ல் பவுல் எழுதினதை அவர்களுக்கு வாசித்துக் காட்டலாம். ஆதி சபைக்கே இந்தப் பிரச்சினை வந்தது. விருத்தசேதனம் பண்ணிக்கொள்ளாவிட்டால் இரட்சிக்கப்பட முடியாது என்று சிலர் போதித்ததால் எருசலேமில் அப்போஸ்தலர் கூடினார்கள், அப்போஸ்தலர் 15-ல் இருக்கிறது. நம்முடைய பிதாக்களும் நாமும் சுமக்கக்கூடாத நுகத்தடியைச் சீஷர் கழுத்தில் ஏன் சுமத்துகிறீர்கள் என்று பேதுரு கேட்டார். முடிவில் புறஜாதியாருக்கு எழுதியனுப்பினது விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் ஆகியவற்றுக்கு விலகியிருங்கள் என்று நாலே நாலு காரியம். இரட்சிப்புக்கு நிபந்தனை ஏதும் கூட்டவில்லை, சேர்ந்து வாழ்வதற்கு ஒழுங்கைக் கொடுத்தார்கள்.

கத்தோலிக்கர் கிரியையினால் இரட்சிப்பு என்கிறார்கள், நாம் விசுவாசத்தினால் என்கிறோம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்கில் கத்தோலிக்க சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதலைப்பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்மிடத்திலுள்ள எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினால் மாத்திரம், கிறிஸ்துவின் இரட்சிப்பின் செயலில் வைக்கும் விசுவாசத்தினாலே நாம் தேவனால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்று இரு தரப்பும் சேர்ந்து அதில் சொல்கிறார்கள். 2006-ல் மெதடிஸ்டுகளும் அதை ஏற்றார்கள். வித்தியாசங்கள் இன்னும் இருக்கின்றன, சின்னவையும் அல்ல. ஆனால் கிருபை முதலாவது என்பதில் இந்த அளவுக்கு ஒத்துவந்ததை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மை இல்லை.

கடைசியாக, நீங்கள் இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஜெபத்தையும் உபவாசத்தையும் விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை ஏதாவது தவறிப்போனால், அதை ஈடுகட்ட மறுநாள் இரண்டு மடங்கு செய்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதை மட்டும் நிறுத்துங்கள், கடனை அடைக்கிற எண்ணம் அங்கேதான் ஒளிந்திருக்கும். தவறின அந்த நேரத்திலேயே, அந்த நிலைமையிலேயே பிதாவிடம் பேசிவிடுங்கள், லூக்கா 18-ல் வரும் ஆயக்காரன் ஜெபித்தது ஒரே வாக்கியம்தான். காணிக்கையில் பயம் இருந்தால் 2 கொரிந்தியர் 9:7-ஐப் பாருங்கள், விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, மனதில் நியமித்தபடி கொடுக்கச் சொல்லியிருக்கிறது. அப்புறம் கலாத்தியர் நிருபத்தை வசனம் வசனமாகப் பிரிக்காமல், ஆறு அதிகாரத்தையும் ஒரே உட்காரலில் வாசியுங்கள், அரைமணி நேரத்துக்குமேல் ஆகாது. யாக்கோபை அதற்கடுத்த நாள் வாசியுங்கள், உங்கள் சிநேகிதரையும் பக்கத்தில் உட்காரவைத்து. கலாத்தியர் உங்களுக்கு, யாக்கோபு அவருக்கு. வாசித்தபின் எந்த வசனத்திலாவது இடித்தால் எழுதுங்கள், அதை மட்டும் எடுத்துப் பேசுவோம்.